டயட்டீஷியனைப் பார்க்கணுமா, வேண்டாமா?

"சாதத்தைக் குறைங்க, எண்ணெயைக் குறைங்க, நடங்கன்னு சொல்லப் போறாங்க. இதுக்கு எதுக்குக் காசு?" டயட்டீஷியனைப் பார்க்கச் சொன்னால் பெரும்பாலும் வரும் பதில் இதுதான். நியாயமான கேள்வி. ஆனால் பதில் எல்லோருக்கும் ஒன்றல்ல.

முதலில் சான்று என்ன சொல்கிறது என்று பார்ப்போம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006-ல் வெளியாயின. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். தனி ஆலோசனை எதுவும் பெறாத குழுவில், மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. உணவு, நடைப்பயிற்சி ஆலோசனை பெற்ற குழுவில் அது சுமார் 39 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்த குழுவிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். இரண்டையும் சேர்த்துக் கொடுத்த குழுவிலும் கூடுதல் பலன் இல்லை.

அதாவது 100 பேருக்கு ஆலோசனை சொன்னால் சுமார் 16 பேர் தப்பிக்கிறார்கள். பெரிய விஷயம்தான். ஆனால் இரண்டு குறிப்புகள். ஒன்று, நடையும் இதில் சேர்த்தி. பலன் முழுக்கச் சாப்பாட்டால் வந்ததில்லை. இரண்டு, ஒரே நாள் அறிவுரையோடு அவர்களை விட்டுவிடவில்லை. போனிலும் நேரிலும் தொடர்ந்து விசாரித்தார்கள். ஒருமுறை போய் ஒரு சார்ட்டை வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவதற்கு இந்த ஆய்வு சாட்சி சொல்லாது.

யார் கட்டாயம் போகணும்?

ஒரு நோய்க்கான உணவு விதி இன்னொரு நோய்க்கான விதியோடு மோதும்போது போயே ஆகணும். சர்க்கரை நோயாளியிடம் பருப்பு, கீரை நிறையச் சாப்பிடச் சொல்வார்கள். அவருக்கே கிட்னி பாதித்து ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் கீரை, தக்காளி, இளநீர் எல்லாவற்றுக்கும் கணக்கு வேண்டும். பருப்பின் அளவையும் பார்க்கணும். எந்தக் காயை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடிக்கலாம், எதை விட்டுவிடணும் என்பது வீடியோ பார்த்து முடிவு செய்யும் விஷயம் இல்லை.

இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் அப்படித்தான். திடீரென்று சாதத்தைப் பாதியாக்கினால் லோ சுகர் ஆகி மயங்கி விழலாம். இவர்களுக்கு உணவை மாற்றும்போது மருந்தின் அளவையும் டாக்டர் பார்த்தாகணும்.

கர்ப்பகாலச் சர்க்கரை, எடை ஏறாத குழந்தை, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய் உள்ளவர் எல்லோரும் இந்தப் பட்டியலில் வருவார்கள்.

யார் முதலில் வீட்டிலேயே ஆரம்பிக்கலாம்?

நோய் எதுவும் இல்லை, நாலைந்து கிலோ குறைக்கணும், அவ்ளோதான் என்றால் முதலில் சமையலறைக் கணக்கைப் பாருங்கள். நாலு பேர் வீட்டில் மாதம் 5 லிட்டர் எண்ணெய் தீர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 41 மில்லி, அதாவது 38 கிராம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2,000 கலோரி மாதிரித் தட்டில் எண்ணெய் 27 கிராம்தான். பருப்பு 85 கிராம். நம்மில் பலர் வீட்டில் எண்ணெய் கூடுதலாகவும் பருப்பு குறைவாகவும் இருக்கும். இந்த நிறுவனத்தின் வழிகாட்டி நூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

"எல்லாம் தெரியும், செய்யத்தான் முடியல" என்பவர்களுக்கும் சிலசமயம் டயட்டீஷியன் உதவுவார். தகவல் தருவதை விட, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கேள்வி கேட்கும் ஆளாக. அந்த வேலையைச் செய்ய வீட்டிலேயே ஒருவர் இருந்தால் காசு மிச்சம்.

யாரிடம் போவது?

சில வாரக் கோர்ஸ் முடித்தவரும் 'நியூட்ரிஷன் கோச்' என்று போட்டுக்கொள்கிறார். அதனால் படிப்பைக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. உணவு, ஊட்டச்சத்து, டயட்டெடிக்ஸ் துறையில் பட்டம், மருத்துவமனைப் பயிற்சி இரண்டும் இருக்கணும். இந்திய டயட்டெடிக் அசோசியேஷன் தேர்வு வைத்துத் தரும் 'ஆர்.டி.' தகுதி இருந்தால் இன்னும் நல்லது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை எடுப்பவர்கள் அங்கேயே டயட்டீஷியன் இருக்கிறாரா என்று விசாரிக்கலாம்.

என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காதவர், தன்னிடமே பவுடர் வாங்கச் சொல்பவர், மாத்திரையை நிறுத்தச் சொல்பவர், மாதம் இத்தனை கிலோ என்று உத்தரவாதம் தருபவர் - இவர்களிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

போகும்போது

மூன்று நாள் சாப்பிட்டதை எழுதி எடுத்துப் போங்கள். அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். காபிக்குப் போட்ட சர்க்கரை, ஆபீஸில் தின்ற பஜ்ஜி எதையும் விடவேண்டாம். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டும் மருந்துச் சீட்டும் வேண்டும். முக்கியமாக, வீட்டில் சமைப்பவர் கூட வரணும். குழம்பில் எவ்வளவு எண்ணெய் ஊற்றுகிறார்கள் என்பது சாப்பிடுபவருக்குத் தெரியாது.

சர்க்கரை நோயாளிகள் பலனை இரண்டு வாரத்தில் தேடவேண்டாம். ஹெச்பிஏ1சி பரிசோதனை காட்டுவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியை. மூன்று மாதம் கழித்து அந்த எண்ணைப் பாருங்கள். சொன்னதைச் செய்தும் இறங்கவில்லை என்றால் டாக்டரைப் பார்க்கணும், மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம். செய்யவே முடியவில்லை என்றால் டயட்டீஷியனிடம் அதை அப்படியே சொல்லி, திட்டத்தை மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்ற மறுத்து அதே சார்ட்டைத் திரும்ப நீட்டினால் வேறு ஆளைப் பார்க்கலாம்.