கடைப் பூனையும் கால் உடைந்த நாயும்: ஒரு நிதியத்தின் கணக்கு

எங்கள் அரிசிக் கடையில் பூனை வளர்ப்பது செல்லத்துக்காக அல்ல. மூட்டை அடுக்கிய இடத்துக்கு எலி வரும், எலி வந்தால் நட்டம் வரும். புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. ஆனால், அந்தப் பூனை லொறியில் அடிபட்டுப் பின்னங்கால் முறிந்து கிடந்தபோதுதான் மிருக வைத்தியத்துக்கு என்ன செலவாகும் என்பது எனக்குத் தெரியவந்தது. எக்ஸ்ரே, மயக்க மருந்து, சத்திர சிகிச்சை, தையல் வெட்டும் வரை மருந்து என்று எல்லாமாக 46,000 ரூபா. கட்டினேன். எனக்குப் பின்னால் நின்ற முச்சக்கர வண்டிச் சாரதி ஒருவர், தன் நாய்க்குச் சொல்லப்பட்ட தொகையைக் கேட்டதும் அதைத் தூக்கிக்கொண்டு பேசாமல் வெளியேறிவிட்டார்.

டொக்டரிடம் இதைச் சொன்னேன். "முதலாளி, இது கிழமைக்கு நாலைந்து தடவை நடக்கிறது. கடனுக்குச் செய்தும் பார்த்துவிட்டேன், காசு திரும்பி வருவதில்லை" என்றார். அப்படித்தான் நிதியம் ஆரம்பமானது. அந்தத் தனியார் வைத்தியசாலையின் பெயரில் பன்னிரண்டு கடைகளில் உண்டியல் வைத்தோம். கணக்குத் தெரிந்தவன் என்பதால் என்னைப் பொருளாளர் ஆக்கினார்கள்.

காசு சேர்ப்பது நான் நினைத்ததைவிட இலகுவாக இருந்தது. கஷ்டம் அதைச் செலவழிப்பதில்தான் வந்தது.

இரண்டாம் வருடம், கால் நசுங்கிய தெரு நாயொன்றின் படத்தை எங்களில் ஒருவர் வாட்ஸ்அப்பில் போட்டு, "இந்த நாயின் சத்திர சிகிச்சைக்கு உதவுங்கள்" என்று எழுதினார். பத்தே நாட்களில் 2,70,000 ரூபா வந்து சேர்ந்தது. செலவு 92,000 மட்டுமே. மிச்சத்தை என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை. அடுத்த மாதம், தையல் வேலை செய்து பிழைக்கும் ஒரு பெண் கருப்பையில் சீழ் பிடித்த பூனையைக் கொண்டுவந்தார். உடனே வெட்டியாக வேண்டிய நோய் அது. உண்டியல் பணம் தீர்ந்திருந்தது. நாயின் பேரில் வந்த பணத்தைத் தொடலாமா கூடாதா என்று நாங்கள் நான்கு நாள் தர்க்கித்தோம். நன்கொடையாளர் ஒருவர், "நான் அந்த நாய்க்குத்தான் கொடுத்தேன், மிச்சம் இருந்தால் திருப்பித் தாருங்கள்" என்றும் கேட்டிருந்தார். ஐந்தாம் நாள் பூனை செத்துப்போனது. வங்கிப் புத்தகத்தில் 1,78,000 ரூபா இருந்தது.

இதை லண்டனில் கணக்காளராக இருக்கும் என் மருமகனிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "மாமா, பிழை பணத்தில் இல்லை, நீங்கள் கேட்ட வசனத்தில் இருக்கிறது" என்றார். பிரித்தானியச் சட்டப்படி, குறித்த தேவைக்கென்று வாங்கிய நன்கொடையை நிர்வாகிகள் நினைத்தபடி வேறு தேவைக்குத் திருப்ப முடியாது. ஆகவே அங்கே அனுபவமுள்ள அமைப்புகள் பணம் கேட்கும்போதே, தேவைக்கு மேல் சேர்வது ஏனைய பிராணிகளின் சிகிச்சைக்குப் போகும் என்று ஒரு வரி சேர்த்துவிடுகின்றன. அந்த ஒரு வரி எங்களிடம் இருந்திருந்தால் அந்தப் பூனைக்கு அன்றைக்கே ஒபரேஷன் செய்திருக்கலாம்.

அவர்தான் எனக்குப் பி.டி.எஸ்.ஏ. பற்றியும் சொன்னார். 1917 இல், முதலாம் உலக யுத்த காலத்தில், மரியா டிக்கின் என்ற பெண்மணி கிழக்கு லண்டனின் வைட்சப்பல் பகுதியில் ஒரு நிலவறையில் ஆரம்பித்தது அது. ஏழைகளின் பிராணிகளுக்கு இலவச வைத்தியம் என்பதே நோக்கம். இன்று அதற்கு நாற்பதுக்கும் மேற்பட்ட வைத்தியசாலைகள் இருக்கின்றன. அரசாங்கப் பணம் கிடையாது. மரண சாசனத்தில் எழுதி வைக்கப்படும் சொத்துக்கள், மாதாந்த நன்கொடைகள், பழைய பொருள் விற்கும் கடைகள் ஆகியவற்றில் நடக்கிறது. வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டியது அந்தக் கடைகளைத்தான். பழைய உடுப்பைக் கொண்டுவந்து கொடுப்பவர் வருமான வரி செலுத்துபவர் என்றால், உரிய படிவம் நிரப்பி, அது விற்ற பணத்தைத் தன் நன்கொடையாக எழுதிக் கொடுக்கலாம். அப்போது ஒவ்வொரு பவுணுக்கும் மேலதிகமாக 25 பென்ஸை அமைப்பு வரித் திணைக்களத்திடம் பெறும்.

யாருக்கு உதவி என்பதிலும் அவர்கள் முகம் பார்ப்பதில்லை. அரசின் உதவிப் பணம் பெறும் குடும்பமா என்று தாளில் பார்க்கிறார்கள். எங்கள் குழுவில், அழுதவருக்குக் கிடைத்தது, வெட்கப்பட்டவருக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு சிக்கலை நானே கிளப்பினேன். டொக்டருக்கு அது பிடிக்கவில்லை. உண்டியலில் அவருடைய வைத்தியசாலையின் பெயர். பொதுமக்கள் தர்மமாகப் போடும் பணம் அவருடைய முழுக் கட்டணத்துக்கே போனால், அது தர்மமா, அவருக்கு வியாபாரமா? அமெரிக்காவில் மிருக வைத்தியர் சங்கத்தின் அறக்கட்டளை ஒன்று 1963 முதல் இருக்கிறது. இலாபத்துக்கு நடக்கும் தனியார் வைத்தியசாலைகளுக்காக அது ஓர் ஏற்பாடு செய்து கொடுத்தது. நன்கொடை அறக்கட்டளையிடம் சேரும், வைத்தியசாலை சிகிச்சை செய்த பிறகு தன் பேரில் உள்ள தொகையிலிருந்து கோரிப் பெறும். பணத்தை வைத்திருப்பவர் ஒருவர், பில் எழுதுபவர் வேறொருவர்.

எங்களுக்கு அப்படியான அறக்கட்டளை இல்லை. ஆகவே டொக்டரோடு இருந்து பேசினோம். மருந்து, தையல் நூல், மயக்க மருந்து எல்லாம் கொள்விலைக்கு; ஒபரேஷன் கட்டணத்தில் பாதி. கொள்விலையை நிரூபிக்க அவர் தன் கொள்வனவுப் பற்றுச்சீட்டுகளை என் முன்னால் வைத்தார். கொள்விலையைப் பிறருக்குக் காட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

நிதியத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, இரண்டு கையொப்பம். உண்டியலை இருவர் சேர்ந்து எண்ணி, கடைக்காரருக்குப் பற்றுச்சீட்டு. பிராணி பிழைக்குமா என்பதை டொக்டர் சொல்வார், பணம் கொடுப்பதா என்பதை நாங்கள் மூவர் அதே நாளில் தீர்மானிப்போம். ஒரு பிராணிக்கு 30,000 ரூபாவுக்கு மேல் இல்லை. உரிமையாளர் மூன்றிலொன்றைத் தவணையாகவேனும் கட்ட வேண்டும். அவர் கையில் காசு கொடுப்பதில்லை, வைத்தியசாலைக்கே செலுத்துகிறோம். வருமானத்தில் நாலிலொன்று அவசரத்துக்கென்று ஒதுங்கிவிடும்.

இந்த வரம்பால் சில பிராணிகளைக் கைவிட வேண்டியிருக்கிறது. போன மாதம் முதுகெலும்பு முறிந்த நாயொன்றுக்கு நாங்கள் மூவருமே இல்லை என்றோம். அதைக் கொண்டுவந்த பையன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. அதே கிழமை வேறு இரண்டு பூனைகளும் ஒரு நாயும் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போயின.

தையல்காரப் பெண்ணுக்கு நான் எல்லாவற்றையும் சொன்னேன். வங்கியில் அன்று எவ்வளவு இருந்தது என்பதையும் மறைக்கவில்லை. இப்போது எங்கள் உண்டியல்களுக்கான துணி உறைகளை அவர்தான் தைத்துத் தருகிறார். கூலி வாங்க மாட்டேன் என்றார். கணக்கில் எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன்.