சேலஞ்சர்: ரப்பர் உடையவில்லை, பிந்தியது

1986 ஜனவரி 28 அன்று ஃபுளோரிடாவிலிருந்து கிளம்பிய சேலஞ்சர் விண்ணோடம் 73ஆவது விநாடியில் சிதறியது. அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள். பூஸ்டர் ராக்கெட்டின் மூட்டை அடைத்திருந்த ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங், குளிரில் இறுகிப்போனதே காரணம் என்று இன்றும் சொல்கிறோம். அது பொய்யில்லை, ஆனால் பாதி உண்மைதான். இறுகியது என்றதும் நொறுங்கியது என்று மனம் எண்ணிக்கொள்கிறது. விட்டான் எனப்படும் அந்த ரப்பர் கண்ணாடி போல் ஆக, உறைநிலைக்கும் ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸ் கீழே இறங்க வேண்டும். கசிந்த மூட்டின் வெப்பநிலையோ சுமார் மைனஸ் 2 டிகிரி என்றே விசாரணைக் குழு கணித்தது.

ரப்பர் போன்ற பாலிமர்களுக்கு எஃகைப் போல ஒரே குணம் கிடையாது. அவற்றின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் நெளிந்து நகர்ந்துதான் பழைய வடிவுக்குத் திரும்ப முடியும். அதற்கு நேரம் பிடிக்கும். குளிர் கூடினால் அந்த நேரமும் நீளும். வெப்பநிலையையும் நேரத்தையும் இப்படி இணைக்கும் சமன்பாட்டை வில்லியம்ஸ், லாண்டல், ஃபெர்ரி ஆகிய மூவரும் 1955இலேயே வெளியிட்டுவிட்டார்கள். பூஸ்டர் பற்றியதும் உள்ளழுத்தத்தால் உறை புடைத்து, சுமார் 0.6 விநாடிக்குள் மூட்டின் இடைவெளி விரிந்துவிடும். நசுங்கிக் கிடக்கும் வளையம் அதற்குள் எழும்பி இடைவெளியை அடைக்க வேண்டும். எழும்புமா என்று மட்டும் கேட்டால் போதாது. எத்தனை நேரத்தில் என்பதே கேள்வி.

பூஸ்டரைத் தயாரித்த மார்ட்டன் தயாக்கால் நிறுவனத்திடம் இதற்கு விடை 1985லேயே இருந்தது. நசுக்கிய வளையத்தின் மேலிருந்த தட்டைச் சற்று விலக்கிப் பார்த்தார்கள். 38 டிகிரியில் வளையம் தட்டை விட்டுப் பிரியவில்லை. 24 டிகிரியில் 2.4 விநாடி பிரிந்திருந்தது. 10 டிகிரியில் பத்து நிமிடம் காத்திருந்தும் தட்டைத் தொடவில்லை. சோதனையை அத்துடன் நிறுத்திவிட்டார்கள்.

24 டிகிரி வெப்பத்தில் ஏவிய ஒரு பயணத்திலும் வாயு கசிந்ததே, அப்படியிருக்கக் குளிரை எப்படிக் குறை சொல்வது என்ற வாதம் ஏவுதலுக்கு முந்தைய இரவில் எழுந்தது. கேட்க நியாயமாகத்தான் படும். ஆனால் அதே 24 டிகிரியில் 2.4 விநாடி தொடர்பற்றுப்போகும் வளையம் கசியவிட்டதில் என்ன வியப்பு? அந்தப் பயணம் குளிருக்குச் சாதகமான சாட்சியே அல்ல. இதமான நாளிலும் அந்த மூட்டுக்குப் பாதுகாப்பு போதாது என்பதற்கே சான்று. தவறு நிர்வாகத்துடையது, ரப்பருடையது அல்ல என்பாரும் உண்டு. ஏவ வேண்டாம் என்று தடுக்க முயன்ற பொறியாளர்களின் பேச்சை மீறிய பொறுப்பு நிர்வாகத்தையே சாரும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆயினும் நிர்வாகத்தினர் மீறியது வெறும் அச்சத்தை அல்ல, அளந்தெடுத்த எண்களை.

விசாரணையின்போது இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மேன், கவ்வியில் நெருக்கிய ரப்பரை ஐஸ் தண்ணீரில் போட்டுக் காட்டினார். அங்கே ரப்பர் உடையவில்லை. கவ்வியைத் தளர்த்திய பிறகும் சில விநாடி நசுங்கியபடியே இருந்தது. 1988 செப்டம்பரில் விண்ணோடங்கள் மீண்டும் பறந்தபோது, பூஸ்டர் மூட்டுகளில் இடைவெளி விரியாமல் தடுக்கும் புதிய அமைப்பும், மூன்றாவது வளையமும், குளிர் தாக்காதிருக்க ஹீட்டர்களும் இருந்தன.