அடிக்கடி நெஞ்சுச் சளியா? காவற்புரதத்தையும் பாருங்கள்!

தீபாவளியிலிருந்து தை பிறக்கும் வரை டில்லிக் காற்று கனத்துக் கிடக்கும். பனிமூட்டத்தோடு வாகனப் புகையும், தொடக்கத்தில் பஞ்சாப், ஹரியானா வயல்களில் நெல்தாள் எரிக்கும் புகையும் கலந்துகொள்கின்றன. பிள்ளைகள் வீட்டில் தங்க ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் பலருக்கு அப்போது இருமலும் இரைப்பும் மிகுந்துவிடுகின்றன. ‘குளிர் ஒத்துக்கொள்ளவில்லை’ என்கிறோம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் வேறொரு காரணமும் ஒளிந்திருக்கலாம். அதைப் பற்றியே இக்கட்டுரை.

நோய் எது?

சி.ஓ.பி.டி. எனப்படும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சுருங்குகின்றன, சளி அடைக்கிறது, காற்றறைகள் நைந்துபோகின்றன. சிகரெட், பீடி மட்டுமே காரணமல்ல. விறகடுப்புப் புகையில் பல்லாண்டு சமைத்த பெண்களுக்கும் இது வருகிறது.

இந்நோய் சில சமயம் திடீரென முற்றும். வழக்கத்தைவிட மூச்சு வாங்கும், சளி பெருகும், அதன் நிறம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும். இத்தகைய தாக்குதல்கள் அடிக்கடி வந்தால் நுரையீரலின் திறன் விரைவாகக் குறையும். எனவே தாக்குதல்களைக் குறைப்பது சிகிச்சையின் முக்கிய நோக்கமாகும்.

உடலின் காவலர்கள்

கிருமிகளை எதிர்க்க நம் இரத்தத்தில் இம்யூனோகுளோபுலின் என்னும் புரதங்கள் உள்ளன. இவற்றைக் காவற்புரதங்கள் எனலாம். இரத்தத்தில் மிகுதியாக உள்ளது ஐ.ஜி.ஜி. மூச்சுக்குழாய், குடல் ஆகியவற்றின் ஈரமான உட்பரப்பைக் காப்பது ஐ.ஜி.ஏ. இவை குறைந்தால், நிமோனியா உண்டாக்கும் கிருமிகள் எளிதில் நுழைகின்றன.

1952-இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன் இதைத் தெளிவாகக் காட்டினார். திரும்பத் திரும்பக் கிருமித் தொற்றுக்கு ஆளான எட்டு வயதுச் சிறுவனின் இரத்தத்தைச் சோதித்தபோது, இப்புரதங்கள் அடங்கிய காமா குளோபுலின் பகுதி காணப்படவில்லை. அதை ஊசி மூலம் செலுத்தியதும் தொற்றுகள் அடங்கின.

அது பிறவிக் குறை. பெரியவர்களுக்கோ வேறு காரணங்களாலும் இப்புரதம் குறையலாம். ஸ்டீராய்டு மாத்திரைகளை நெடுநாள் விழுங்குவது, வலிப்பு நோய்க்கான சில மருந்துகள், சில வகை இரத்தப் புற்றுநோய்கள், சிறுநீரில் புரதம் கழியும் சிறுநீரகக் கோளாறு ஆகியவை அவற்றுள் சில.

கனடாவின் வான்கூவர் நகர ஆய்வாளர்கள், சி.ஓ.பி.டி. நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்து முடிவை வெளியிட்டனர். ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஐ.ஜி.ஜி. குறைவாக இருந்தது. அப்படிக் குறைந்தவர்களுக்குத் தாக்குதல்களும் மருத்துவமனை வாசமும் அதிகம். புரதக் குறைவு ஒன்றே காரணம் என்று இதைக் கொண்டு முடிவு கட்ட முடியாது. ஆயினும் கவனிக்க வேண்டிய செய்தி.

என்ன செய்யலாம்?

ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறை தாக்குதல் வந்தாலோ, நிமோனியா திரும்பத் திரும்ப வந்தாலோ, ‘இம்யூனோகுளோபுலின் அளவு பார்க்கலாமா?’ என்று டாக்டரைக் கேளுங்கள். சாதாரண இரத்தப் பரிசோதனைதான். பெரியவர்களுக்கு ஐ.ஜி.ஜி. சுமார் 700 முதல் 1600 மில்லிகிராம் வரை (ஒரு டெசிலிட்டரில்) இருக்க வேண்டும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறுபடும். காசநோய் இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்வது நல்லது.

அளவு குறைந்திருந்தால் அதற்கான மூல காரணத்தை முதலில் தேட வேண்டும். ஃப்ளூ தடுப்பூசி ஆண்டுதோறும் தேவை. நிமோகாக்கல் தடுப்பூசியையும் டாக்டர் சொல்கிறபடி போட்டுக்கொள்ளுங்கள். புரதத்தையே ஊசி வழியாக ஏற்றும் சிகிச்சை எல்லோருக்கும் உரியதன்று. குறைபாடு கடுமையாக உள்ள சிலருக்கு மட்டுமே வல்லுநர்கள் அதைப் பரிந்துரைப்பார்கள். ஏற்றிய புரதம் மூன்று வாரத்தில் பாதியாகக் குறைந்துவிடும் என்பதால் திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டும், செலவும் அதிகம்.

மிளகுக் கஷாயம் தொண்டைக்கு இதம். இக்குறைபாட்டை அது தீர்க்காது. பழைய சீட்டைக் காட்டி ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். அதேபோல, ஸ்டீராய்டு என்று பயந்து இன்ஹேலரைத் தாமாக நிறுத்தவும் கூடாது.

நம் குடும்பங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. அப்பா ஆடியில் கும்பகோணத்தில் இருப்பார், ஐப்பசியில் டில்லி, மாசியில் மகள் வீடு மும்பை. மூன்று ஊரிலும் மூன்று டாக்டர்கள். ஒவ்வொருவரும் ஒரு தாக்குதலைத்தான் பார்க்கிறார்கள். ஆண்டில் மொத்தம் எத்தனை என்று எண்ணுவோர் யாருமில்லை! அதனால்தான் பரிசோதனை பற்றிய பேச்சே எழுவதில்லை.

இதற்கு வழி எளிது. நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். தாக்குதல் வந்த தேதி, சளியின் நிறம், கொடுத்த மருந்து, எத்தனை நாள், மருத்துவமனையில் சேர்த்தார்களா, போட்ட தடுப்பூசி ஆகியவற்றை அதில் எழுதி, பெரியவரின் பயணப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். எந்த ஊர் டாக்டரும் புரட்டிப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். மொழி தெரியாத ஊரில் பெரியவர் சொல்லத் தடுமாறுவதையும் அந்த நோட்டே சொல்லிவிடும்.