விண்டோஸ் 11 ஏறாது என்கிறார்களா?

"இந்த மெஷின்ல விண்டோஸ் 11 ஏறாது சார், புதுசு வாங்கிடுங்க." சர்வீஸ் கடைகளில் சகஜமாகக் காதில் விழும் பேச்சு. முதல் பாதி உண்மையாக இருக்கலாம். இரண்டாம் பாதிக்குத் தலையாட்டும் முன் கொஞ்சம் நிதானிக்கலாம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. கம்ப்யூட்டர் அதன் பிறகும் ஓடும். புதிதாகத் தெரியவரும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்தான் வராது. அப்டேட் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2017 மே மாதம் உலகம் பார்த்தது. வான்னாக்ரை என்ற வைரஸ் நுழைந்த ஓட்டைக்கு மார்ச்சிலேயே மைக்ரோசாஃப்ட் அப்டேட் கொடுத்திருந்தது. அதைப் போடாத கம்ப்யூட்டர்களில் ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது அந்த வைரஸ். பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளும் தப்பவில்லை.

விண்டோஸ் 11 கேட்கும் 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் பழைய மெஷினிலும் இருக்கும். இடிப்பது மூன்று விஷயங்கள்: டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, செக்யூர் பூட், ப்ராசசர். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி. ப்ராசசர் பெயரைப் பாருங்கள்: ஐ5-8250யு என்றிருந்தால் ஏறும், ஐ5-7200யு என்றால் ஏறாது.

ப்ராசசர் தேறியும் 'டிபிஎம் இல்லை' என்று வந்தால், பல மெஷின்களில் அது பயாஸில் அணைத்துவைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். இன்டெல்லில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடி ஆன் செய்தால் போதும். இதற்குப் புது மதர்போர்டு விலை சொல்பவரிடம் மெஷினைக் கொடுக்காதீர்கள். ஒரு எச்சரிக்கை: பயாஸில் கைவைக்கும் முன், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் ரிகவரி கீயை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உங்கள் ஃபைல்களை நீங்களே திறக்க முடியாமல் போகலாம்.

ப்ராசசரே தேறவில்லையா? வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 30 டாலர் கட்டணம் என்று சொல்லப்பட்டாலும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை கிளவுடில் சேமிக்கச் சம்மதித்தால் காசு வேண்டாம். விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யலாம். இலவச வழி இருப்பதைச் சொல்லாமல் இதற்கும் சர்வீஸ் சார்ஜ் கேட்பவர்கள் உண்டு.

பிரவுசர், மெயில், யூடியூப், கடிதம் தட்டுவது என்ற அளவில் வேலை முடிந்துவிடுகிறவர்களுக்கு லினக்ஸ் மின்ட் தாராளமாகப் போதும், இலவசம். பென்டிரைவில் போட்டு, நிறுவாமலே ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம். டேலியில் கணக்கு எழுதும் கடைக்காரர்களுக்கும், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருப்பவர்களுக்கும் இதைச் சொல்ல மாட்டேன். தகுதிப் பரிசோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11 ஏற்றித் தருபவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஏற்றிய கம்ப்யூட்டருக்கு அப்டேட் கிடைக்கும் என்ற உத்தரவாதத்தை மைக்ரோசாஃப்ட் தருவதில்லை. கணக்கு வழக்கு இருக்கும் மெஷினில் இந்த விளையாட்டு வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கும்போது ப்ராசசர் மாடலை பில்லில் எழுதி வாங்குங்கள். 'விண்டோஸ் 11-க்குத் தகுதியானது' என்று பொய் சொல்லி விற்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.

'உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது' என்று திரையில் எண் காட்டினாலோ, போன் செய்து, கம்ப்யூட்டரைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் எனிடெஸ்க் போடச் சொன்னாலோ, அது மோசடி. மைக்ரோசாஃப்ட் அப்படி அழைக்காது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

கடைசியில் எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதாக முடிவெடுத்தால், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். விலையில் கொஞ்சம் குறைப்பார்கள், பரவாயில்லை. டெலீட் செய்த ஆதார் நகலையும் வங்கி ஸ்டேட்மென்டையும் மீட்டெடுக்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.