நிரூபி, இல்லையா உடை, முடிந்தால் காப்பாற்று

கோடை வகுப்பு என்றாலே அடுத்த வருஷப் பாடத்தை இந்த வருஷமே முடித்துவிடுவது என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். அமெரிக்காவில் 1957 முதல் நடக்கும் ராஸ் கணித முகாம் வேறு மாதிரி. அர்னால்ட் ராஸ் என்ற பேராசிரியர் நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் இதை ஆரம்பித்தார். 1964-இல் முகாம் அவரோடு ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனது. 90 வயது தாண்டியும் பாடம் எடுத்தார் மனுஷர்.

ஆறு வாரம். முதல்முறை வரும் பள்ளி மாணவர்களுக்கு முக்கியப் பாடம் எண் கோட்பாடு. நாள்தோறும் கணக்குத்தாள் வரும். அதில் சில கணக்குகளுக்கு மேல் ஒரு கட்டளை இருக்கும்: "நிரூபி அல்லது மறு, முடிந்தால் காப்பாற்று."

கடைசி இரண்டு வார்த்தைதான் விஷயமே. நானே ஓர் உதாரணம் சொல்கிறேன்.

"இரண்டு எண்களின் பெருக்கல் 6-ஆல் வகுபட்டால், அவற்றில் ஒன்றாவது 6-ஆல் வகுபடும்." சரியா? தப்பு. 2 × 3 போதும், உடைந்துவிடும். பள்ளியில் இதோடு மார்க் போட்டு முடித்துவிடுவோம். இங்கே வேலையே இனிமேல்தான். 6-க்குப் பதில் 7 போட்டால்? 4? 5? பகா எண்ணாக இருந்தால் போதும் என்று மாணவனே கண்டுபிடிப்பான்.

ஆனால் பகா எண்ணுக்கு மட்டும் ஏன் சரியா வருது? "அது தெரிஞ்சதுதானே" என்று தோன்றும். இரட்டைப்படை எண்கள் மட்டுமே உள்ள ஓர் உலகத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே 2, 6, 10, 30 எதையும் இரண்டு எண்களின் பெருக்கலாகப் பிரிக்க முடியாது. அந்த ஊர் பகா எண்கள்னு வச்சுக்கலாம். ஆனால் 6 × 10 = 2 × 30. பெருக்கலை 2 வகுக்கிறது. 6-ஐ வகுக்கவில்லை, ஏன்னா 3 அந்த உலகில் இல்லை. 10-க்கும் அதே கதி.

அப்போ நம் எண்களில் எது காப்பாற்றுகிறது? ஆரம்பப் பள்ளியில் படித்த ஈவு, மீதி வகுத்தல்தான். எந்த எண்ணை வகுத்தாலும் மீதி வகுஎண்ணைவிடச் சின்னதாக இருக்கும் என்ற உறுதி அந்த இரட்டைப்படை உலகில் கிடையாது. எளிய விஷயங்களை ஆழமாக யோசி என்பதுதான் ராஸ் முகாமின் தாரக மந்திரம்.

இதில் படித்தவர்கள் சிலர் 1989-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ப்ராமிஸ் என்ற முகாமைத் தொடங்கினார்கள். அங்கேயும் இதே பாணிதான்.

இந்த முறைக்கு முகாம் கட்டாயமில்லை, ஒரு தாளும் பொறுமையும் போதும். தப்பான விடையைப் பார்த்துக் கூசாமல், "இதில் எவ்வளவு தேறும்?" என்று கேட்கிற பழக்கம் பதினைந்து வயதில் வந்துவிட்டால், அப்புறம் எந்தத் துறைக்குப் போனாலும் கைகொடுக்கும்.

வீட்டில் ஒன்பதாவது படிக்கிற பிள்ளை இருந்தால் இதைக் கொடுத்துப் பாருங்கள்: "ஓர் எண்ணின் வர்க்கம் 12-ஆல் வகுபட்டால், அந்த எண்ணும் 12-ஆல் வகுபடும்."

உடைப்பது சுலபம். காப்பாற்ற இரண்டு வழியாவது இருக்கிறது. விடையை மட்டும் சொல்லிடாதீங்க.