மரம் நட்டால் மகள் படிப்பாளா?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஊரிலிருக்கும் அத்தைக்குப் பணம் அனுப்பத் தேக்காவில் ஒரு கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். ஞாயிறு மாலை தேக்கா வரிசை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு முன்னால் நின்ற அண்ணன் புதுக்கோட்டைப் பக்கம், கட்டுமான வேலை. பேச்சுவாக்கில் சொன்னார்: "மக பொறந்தப்ப கொல்லையில பத்து தேக்கு வச்சேன் தங்கச்சி. இப்ப அவ பிளஸ் டூ. மரத்த வித்து நர்சிங் சேக்கணும்ங்கிறா அவ அம்மா. அது கல்யாணத்துக்கு வச்ச மரம்ங்கிறாரு எங்க அப்பா." அதற்குள் அவர் முறை வந்துவிட்டது.

நமக்கு மரம் என்றால் நிழல். 1963 ஜூன் 16 அன்று ஃபேரர் சர்க்கஸில் திரு லீ குவான் யூ ஒரு மெம்பட் மரக்கன்றை நட்டதிலிருந்து, சாலையோர மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றுவது அரசாங்கத்தின் வேலை. கிராமத்திலோ மரம் ஒரு சேமிப்புக் கணக்கு. அந்தக் கணக்கு எப்படிப் பெண் பிள்ளையின் பள்ளிக்கூடம்வரை போய்ச் சேர்கிறது? அந்த வரிசையில் தொடங்கிய கேள்விதான் இக்கட்டுரை.

பணத்துக்கு முன்னால் நேரத்தைச் சொல்ல வேண்டும். என் பாட்டி மூன்றாம் வகுப்போடு நின்றவர். ஏன் என்று கேட்டால், "சுள்ளி பொறுக்க ஆளு வேணும்ல" என்பார். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததா என்றுகூட நான் கேட்டதில்லை. விறகு, தண்ணீர், மாட்டுத் தீவனம் மூன்றும் காலங்காலமாகப் பெண்கள், சிறுமியர் தலையிலேயே விழுந்திருக்கின்றன. மரம் வீட்டருகே இருந்தால் அந்த நடை மிச்சம். 2016இல் இந்திய அரசின் உஜ்வலா திட்டம் எரிவாயு இணைப்புகளைக் கொண்டுவந்தது உண்மை. ஆனால் காலி சிலிண்டரை நிரப்பக் காசில்லாத வீடுகளில் விறகடுப்பு இன்னும் எரிகிறது.

இதை முதலில் பெரிய அளவில் செய்து காட்டியவர் கென்யாவின் வங்காரி மாத்தாய். 1977இல் அவர் தொடங்கிய பசுமை வளைய இயக்கத்தில், கிராமத்துப் பெண்கள் நாற்று வளர்த்தார்கள். பிழைத்த ஒவ்வொரு கன்றுக்கும் சிறு தொகை பெற்றார்கள். நட்ட கன்றுக்கல்ல, பிழைத்த கன்றுக்கு! 2004இல் அமைதிக்கான நோபெல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில், மரங்கள் விறகும் உணவும் தருவதோடு பிள்ளைகளின் படிப்புக்கான வருமானத்தையும் தருகின்றன என்பதை அவர் எடுத்துச் சொன்னார்.

இந்தியாவில் அதிகம் பேசப்படுவது ராஜஸ்தானின் ராஜ்சமந்த் மாவட்டத்துப் பிப்லாந்திரி. சுற்றிலும் பளிங்குச் சுரங்கங்கள். நிலத்தடி நீர் பாதாளத்துக்குப் போய்விட்ட ஊர். 2005இல் ஊராட்சித் தலைவரான ஷியாம் சுந்தர் பாலிவால், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் தம் மகள் கிரணைப் பறிகொடுத்தார். அவள் நினைவாக ஒரு மரம் நட்டதில் தொடங்கியது, பெண் குழந்தை பிறந்தால் 111 மரங்கள் என்ற ஊர் வழக்கமாயிற்று. ஊரார் 21,000 ரூபாயும் பெற்றோர் 10,000 ரூபாயும் போட்டு, குழந்தையின் பெயரில் வங்கியில் வைப்புத்தொகை வைக்கிறார்கள். உரிய வயதுக்கு முன் மணமுடிக்க மாட்டோம், படிக்க வைப்போம், மரங்களைக் காப்போம் என்று பெற்றோர் எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். கன்றுகளைக் கறையானிடமிருந்து காக்க நட்ட கற்றாழையிலிருந்து சாறும் களிம்பும் செய்து பெண்கள் விற்கிறார்கள். பாலிவாலுக்கு 2021இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பார்ப்பவர்கள் எல்லாரும் 111 என்ற எண்ணைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்கோ அந்தக் கையெழுத்துதான் முக்கியமாகப் படுகிறது.

ஏனென்றால் கையெழுத்தில்லாத மரமும் உண்டு. பீகாரில் பாகல்பூர் அருகே தர்ஹரா கிராமத்தில், மகள் பிறந்தால் குறைந்தது பத்து மரம், பெரும்பாலும் மா, நடுவது பழைய வழக்கம். 2010இல் முதலமைச்சர் நிதிஷ் குமார் அங்கே சென்றபின் உலகறிந்த ஊராயிற்று. அந்தப் பழக்காசு படிப்புக்கும் போகிறது, கல்யாணச் செலவுக்கும் போகிறது. மரத்துக்கு அது தெரியாது. வீட்டார்தான் முடிவு செய்கிறார்கள். தமிழ்நாட்டு அரசுக்கே இந்தக் குழப்பம் இருந்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் தொடங்கிய திட்டம் படித்த ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவி தந்தது. 2022இல் அதே திட்டம் புதுமைப் பெண் திட்டமாக மாறி, அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு உயர்கல்விக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தருகிறது. தாலிக்கு என்று ஒதுக்கிய பணம் கல்லூரிக்குத் திரும்ப முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது!

இன்னொன்று, எந்த மரம் என்பது. தேக்கு நல்ல விலை போக 20, 25 ஆண்டுகளாவது வேண்டும். மகளோ 17, 18 வயதில் கல்லூரி வாசலில் நிற்கிறாள். கல்விச் செலவு ஆண்டுதோறும் வருவது. ஆகவே ஆண்டுதோறும் காய்ப்பதுதான் அதற்குப் பொருத்தம். ஒட்டு மா நான்கைந்து ஆண்டில் காய்க்கும். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 செடிமுருங்கைக்கு ஆறேழு மாதம் போதும். கிராமத்துக்கு மரக்கன்று நன்கொடை அனுப்பும் நம் மாணவர் குழுக்கள் இதை யோசிப்பது நல்லது. முதல் இரண்டு கோடைக்குக் குடம் சுமந்து தண்ணீர் ஊற்றப்போவது யார் என்றும் கேட்டுவிட்டு அனுப்புங்கள். அதுவும் அந்தச் சிறுமிதான் என்றால், சுள்ளி பொறுக்கிய என் பாட்டியின் கதைதான் மறுபடியும்.

போன மாதம் கேம்பல் லேனில் அந்த அண்ணனை மீண்டும் பார்த்தேன். நான்கு மரங்களை விற்றாயிற்றாம். வயது போதாது என்று வியாபாரி விலையைக் குறைத்துவிட்டாராம். மகள் நர்சிங் முதலாண்டு. மிச்சம் ஆறு மரங்கள் தாத்தாவின் பிடிவாதத்தில் நிற்கின்றன. "ரெண்டாம் வருஷ ஃபீஸ் கட்டுறதுக்குள்ள அப்பாகிட்ட பேசணும்" என்றார்.