கருவியில்லா விமானங்களுக்கு வானில் தடை

வளைகுடா நாடுகளுக்குப் பிழைப்புத் தேடிச் சென்றவர் ஒருவரேனும் இல்லாத குடும்பம் நம்மிடையே அரிது. துஆச் செய்து வழியனுப்புகிறோம். பெட்டியின் எடையை இருமுறை சரிபார்க்கிறோம். அவர்கள் ஏறிச் செல்லும் விமானத்தில் இன்ன பாதுகாப்புக் கருவி உண்டா என்று நம்மில் எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய அதிகாரிகளே கேளாதிருந்த காலமும் ஒன்றிருந்தது.

1996 நவம்பர் 12. மாலை ஆறரை மணியளவில் ஸவூதி விமானம் ஒன்று 312 பேருடன் டில்லியிலிருந்து தஹ்ரானுக்குப் புறப்பட்டது. பயணிகளில் பலர் வேலைக்குச் செல்லும் தொழிலாளர்கள். அதே வேளையில் கஸகஸ்தான் நாட்டின் இல்யூஷின் விமானம் 37 பேருடன் டில்லியில் இறங்க வந்துகொண்டிருந்தது. புறப்படுவதற்கும் வந்து சேர்வதற்கும் அன்று ஒரே வான்வழிதான். கட்டுப்பாட்டு அறையின் ராடாரோ, விமானம் இருக்குமிடத்தைக் காட்டுமேயன்றி அதன் உயரத்தைக் காட்டாது.

ஸவூதி விமானத்துக்கு 14,000 அடியும் கஸக் விமானத்துக்கு 15,000 அடியும் விதிக்கப்பட்டிருந்தன. கஸக் விமானம் தனக்குரிய உயரத்தில் நில்லாது கீழே இறங்கிவிட்டது. கோபுரத்துடன் ஆங்கிலத்தில் பேசியவர் அதன் வானொலி அலுவலர். அவர் இருக்கைக்கு முன் உயரமானி கிடையாது. விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தே அறிய வேண்டும்! தவறு புரிந்த கடைசி விநாடிகளில் மேலே ஏற்றும்படி அவர் சொன்னார், விமானம் ஏறிற்று, மோதிற்று. ஏறாதிருந்தால் ஒருவேளை அடியில் கடந்து போயிருக்கும். ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே வயல்களில் இரண்டும் வீழ்ந்தன. 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

ஏறுவதா, இறங்குவதா என்று அந்நேரத்தில் சொல்லக்கூடிய கருவி அன்றே உலகில் இருந்தது. அருகில் வரும் விமானத்தை அது மின்னலைகளால் வினவும். பதிலில் அதன் உயரம் கிடைக்கும். மோதும் அபாயம் நெருங்கினால், ஏறத்தாழ 25 விநாடிகளுக்கு முன் ஒரு விமானியை ஏறவும் மற்றவரை இறங்கவும் பணிக்கும். லாஸ் ஏஞ்சலஸ் அருகே 1986-இல் நேர்ந்த மோதலில் 82 பேர் மாண்டபின், அமெரிக்கா அதற்குச் சட்டமியற்றியது. 1993 முடிவிலிருந்து 30 இருக்கைகளுக்கு மேற்பட்ட பயணி விமானங்களுக்கு அங்கு அது கட்டாயம். சரக்கு விமானங்களுக்கு மட்டும் அப்போது விலக்கு இருந்தது. ஏனோ, அவையும் அதே வானில்தான் பறக்கின்றன!

சர்க்கி தாத்ரியில் மோதிய இரண்டிலும் அக்கருவி இல்லை. அமெரிக்க வானில் கட்டாயமாயிருந்தது, நம் தொழிலாளர்கள் செல்லும் வழியில் கட்டாயமாயிருக்கவில்லை. வேறுபாடு இவ்வளவுதான்.

நீதிபதி லஹோதி தலைமையில் விசாரணை நடைபெற்றது. வருகைக்கும் புறப்பாட்டுக்கும் தனித்தனி வழிகள் வகுக்கப்பட்டன. உயரம் காட்டும் ராடார் வந்தது. மோதல் தடுப்புக் கருவியில்லாத பயணி விமானங்கள் இந்திய வானில் பறக்கலாகாது என்னும் விதியும் வந்தது. பழைய விமானங்களை வைத்திருந்தோருக்கு இது பெருஞ்செலவு. புதியதில் தொழிற்சாலையிலேயே பொருத்திவிடலாம். பழையதிலோ ஏற்றுவாங்கி, திரை, மின்இணைப்பு யாவற்றையும் புதிதாக அமைக்க வேண்டும். 2003 ஜனவரி முதல் 15,000 கிலோவுக்கு மேற்பட்ட விமானங்களுக்கு, சரக்கு விமானங்கள் உட்பட, உலகளவில் அது கட்டாயமாயிற்று.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் உபர்லிங்கன் நகருக்கு மேல் ஒரு ரஷ்யப் பயணி விமானமும் ஒரு சரக்கு விமானமும் மோதின. இரண்டிலும் கருவி இருந்தது, சரியாகவும் வேலை செய்தது. ரஷ்ய விமானிகளை அது ஏறச் சொல்லிற்று. தரையிலிருந்த கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்னார். அவர்கள் மனிதர் சொல்லைக் கேட்டு இறங்கினர். கருவியின் சொற்படி மற்றதும் இறங்கிக்கொண்டிருந்தது. மாண்ட 71 பேரில் பலர் பள்ளிப் பிள்ளைகள். இத்தகைய வேளையில் கட்டுப்பாட்டாளரின் ஆணையை விடுத்துக் கருவியின் ஆணையையே பின்பற்ற வேண்டுமென்று சர்வதேச விதியில் ஐயமற எழுதியது அதன் பின்னரே.